'எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்' என்று விற்கப்படும் வாடகை ஃபிளாட்டை வாங்கலாமா?

ஒரு வாசகர் கேட்ட கேள்வியின் சாரம் இது. லண்டனில் சொந்த வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார், 40% வரி வரம்பில் இருக்கிறார், கையில் 65,000 பவுண்டு சேமிப்பு உண்டு. ஒரு ஹோட்டலில் நடந்த முதலீட்டுக் கூட்டத்தில் மான்செஸ்டர் பக்கம் ஒரு புது ஃபிளாட்டைக் காட்டியிருக்கிறார்கள். விலை 2 லட்சம் பவுண்டு. ஆள் பிடிப்பது, வாடகை வசூலிப்பது, குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது எல்லாம் ஒரு மேலாண்மை நிறுவனத்தின் பொறுப்பு. முதல் 2 ஆண்டுக்கு விலையில் 8% 'உத்தரவாத வாடகை'. வாங்கலாமா?

அந்த விலைக்கு, அந்த ஒப்பந்தத்தோடு வேண்டாம். வாடகைக்கு விட ஃபிளாட் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டு உரிமையாளர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இதில் நிம்மதியாகப் பணம் பார்ப்பவர்களையும் தெரியும், மாதாமாதம் சம்பளத்திலிருந்து எடுத்து ஃபிளாட்டுக்குக் கட்டுபவர்களையும் தெரியும். இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் பெரும்பாலும் வாங்கிய விலையிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் அந்த 8%. 2 லட்சத்துக்கு 8% என்றால் ஆண்டுக்கு 16,000 பவுண்டு. அதே கட்டடத்தில் அதே அளவு ஃபிளாட்டுக்குச் சந்தையில் மாதம் 1,050 வாடகை என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 12,600. மீதி 3,400-ஐ யார் தருகிறார்? விற்றவர்தான், விற்ற விலைக்குள்ளிருந்து. பக்கத்துக் கட்டடத்தில் மூன்று வருடப் பழசான அதே மாதிரி ஃபிளாட் 1,80,000-க்குக் கைமாறியிருந்தால், நீங்கள் 20,000 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், அதிலிருந்து 2 ஆண்டில் 6,800 உங்களுக்கே திரும்பி வருகிறது. அந்தக் கூடுதல் 20,000-க்கு 7% கணக்கில் (சாதாரண விகிதம் 2%, இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் 5%) 1,400 பவுண்டு ஸ்டாம்ப் டியூட்டியும் கட்டியிருப்பீர்கள். திரும்பி வரும் 6,800 வாடகை வருமானமாகக் கணக்கில் ஏறுவதால் அதற்கு வருமான வரியும் உண்டு. நம் பணம் நம்மிடமே திரும்பி வருவதற்கு நாமே வரி கட்டுவது என்பது இந்த ஏற்பாட்டில் மட்டும்தான் நடக்கும்.

மூன்றாம் ஆண்டு உத்தரவாதம் முடியும். வாடகை 1,050-க்கு இறங்கும். அப்போது விற்கலாம் என்று போனால், வாங்க வருபவருக்கு நீங்கள் எந்த உத்தரவாதமும் தர முடியாது. அவர் சந்தை விலைதான் கேட்பார்.

இதைச் சரிபார்க்க யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்த வீடு என்ன விலைக்கு விற்றது என்பதை அரசின் சொத்துப் பதிவகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரி இலவசமாகவே வெளியிடுகிறது. அந்தத் தெருவின் போஸ்ட்கோடைப் போட்டு, முதல் விற்பனையை விட்டுவிட்டு மறுவிற்பனைகளை மட்டும் பாருங்கள். வாடகைக்கு ரைட்மூவ், சூப்லா என்ற வீட்டு விளம்பரத் தளங்கள் இரண்டிலும் தேடுங்கள். பிறகு அந்த ஊரில் வேறொரு லெட்டிங் ஏஜென்டுக்கு போன் செய்து, "இந்தக் கட்டடத்தில் எனக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது, என்ன வாடகை எதிர்பார்க்கலாம்?" என்று கேளுங்கள். அவருக்கு உங்கள் வேலை வேண்டும் என்பதால் அவரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அந்தக் கூட்டிச் சொன்ன எண்ணே விளம்பரத்து எண்ணைத் தொடவில்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது.

இன்னொரு சாட்சி, மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தரும் வங்கியின் மதிப்பீட்டாளர். அவர் 1,80,000 என்று எழுதினால் வங்கி அதில்தான் 75% தரும்; அதாவது 1,50,000-க்குப் பதிலாக 1,35,000. மிச்சம் 15,000-ஐ நீங்கள் புரட்ட வேண்டும். இந்த இடத்தில் விற்பனைப் பிரதிநிதி, "இந்த வங்கிக்குப் புதுக் கட்டடம் பற்றித் தெரியாது, எங்கள் புரோக்கர் மூலம் போங்கள்" என்பார். போகாதீர்கள். அந்த மதிப்பீட்டாளர் ஒருவர்தான் இந்த வியாபாரத்தில் உங்களிடம் எதையும் விற்க நினைக்காதவர்.

உத்தரவாதம் தரும் கம்பெனி எது என்பதையும் பாருங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் பெயரைப் போட்டால் எப்போது தொடங்கியது, இயக்குநர்கள் யார், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று காசில்லாமல் தெரியும். கட்டுநரின் பெயரிலேயே எட்டு மாதத்துக்கு முன் தொடங்கிய ஒரு குட்டிக் கம்பெனி, முதலீடு 100 பவுண்டு என்று இருந்தால், அந்த உத்தரவாதத்தின் மதிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நேரடியாக ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடுவது நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ.வின் மேற்பார்வையில் வரும் முதலீடு கிடையாது. கம்பெனி கவிழ்ந்தால் வங்கி வைப்புக்கு இருப்பது போன்ற இழப்பீட்டுத் திட்டம் எதுவும் உங்களுக்குக் கை கொடுக்காது.

கட்டடம் இன்னும் எழும்பவில்லை, இப்போதே 30 முதல் 50 சதவீதம் கட்டினால் தள்ளுபடி என்றால் இன்னும் கவனம். லிவர்பூலில் நியூ சைனாடவுன் திட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள் பலர் முன்பணம் கட்டினார்கள். வேலை பாதியில் நின்றது. முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதுவும் விற்பவரின் சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற முறையில், அதாவது விற்பனை முடியும் வரை கட்டுநர் தொட முடியாதபடி இருக்க வேண்டும். கட்டுநர் அதை எடுத்துச் செங்கல் வாங்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னால், நீங்கள் வீடு வாங்கவில்லை, அடமானம் இல்லாமல் கடன் கொடுக்கிறீர்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் சொலிசிட்டரையும் தவிர்த்துவிடுங்கள்.

இனி உத்தரவாதத்தை மறந்துவிட்டு, சாதாரண ஆண்டு ஒன்றின் கணக்கு. ஆண்டு வாடகை 12,600. சராசரியாக ஆண்டுக்கு மூன்று வாரம் காலி என்றால் கைக்கு வருவது 11,870. மேலாண்மைக் கட்டணம் 12% என்பார்கள். அதன்மேல் 20% வாட் உண்டு, ஆக 14.4%, ஏறத்தாழ 1,710. கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ் 2,200. புது ஆள் பிடிக்கும் கட்டணம், பொருள் பட்டியல் எடுக்கும் செலவு எல்லாம் ஆண்டுக்குப் பிரித்தால் 400. பழுது, சான்றிதழ்கள், இன்சூரன்ஸ் 700. செலவு மொத்தம் 5,010, மீதி 6,860. கடனே வாங்காமல் முழுப் பணமும் போட்டிருந்தால்கூட 2 லட்சத்துக்கு இது 3.4 சதவீதம்தான். விளம்பரத்தில் இதே ஃபிளாட் 6.3% என்று இருக்கும். ஆண்டு வாடகையை விலையால் வகுத்த எண் அது, வேறொன்றும் இல்லை.

உங்களுக்குக் கடன் இருக்கும். 1,50,000-க்கு 5% வட்டி மட்டும் கட்டும் மோர்ட்கேஜ் என்றால் ஆண்டுக்கு 7,500. வரிக்கு முன்பே 640 பவுண்டு கையைக் கடிக்கிறது. அதற்குமேல் வரி. பலர் இங்கேதான் விழுகிறார்கள், ஏனென்றால் நட்டத்துக்கு எப்படி வரி வரும் என்று நினைக்கிறார்கள். 2017-இல் தொடங்கி 2020 ஏப்ரலில் முழுமையாக அமலான 'செக்‌ஷன் 24' விதிப்படி, தனிநபர் பெயரில் இருக்கும் வாடகை வீட்டுக்கு மோர்ட்கேஜ் வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. வரித் துறையின் கண்ணில் உங்கள் லாபம் 6,860 பவுண்டு. அதற்கு 40% என்றால் 2,744. வட்டிக்காக 20% சலுகை தருவார்கள். ஆனால் லாபத்தைத் தாண்டிய வட்டிக்கு அந்த ஆண்டில் கிடையாது, அது அடுத்த ஆண்டுகளுக்குப் போகும். ஆக 1,372 கழிந்து, மீதி 1,372 கட்ட வேண்டும். 640-ஐயும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பவுண்டு உங்கள் சம்பளத்திலிருந்து இந்த ஃபிளாட்டுக்குப் போகும். விலை ஏறினால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பிறகு மிஞ்சும் ஒரே நம்பிக்கை. 2027 ஏப்ரலிலிருந்து வாடகை வருமானத்துக்கான வரி விகிதம் 2 சதவீதப் புள்ளி கூடும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லிமிடெட் கம்பெனி பெயரில் வாங்கினால் வட்டியை முழுதாகக் கழிக்கலாம், சிறு லாபத்துக்குக் கார்ப்பரேஷன் டாக்ஸ் 19%. ஆனால் மோர்ட்கேஜ் வட்டி பொதுவாகக் கூடுதல், கணக்காளர் செலவு தனி, பணத்தை வெளியே எடுக்க டிவிடெண்ட் வரி. ஒரே ஒரு ஃபிளாட்டுக்காகக் கம்பெனி தொடங்குவது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. நான்கைந்து வாங்கும் எண்ணம் இருந்தால் அது வேறு பேச்சு.

நுழைவுச் செலவும் உண்டு. ஏற்கெனவே ஒரு வீடு இருப்பவர் இன்னொன்று வாங்கினால், 2024 அக்டோபர் 31 முதல் இங்கிலாந்தில் ஸ்டாம்ப் டியூட்டியில் 5% கூடுதல். 2 லட்சத்துக்குச் சாதாரண டியூட்டி 1,500, கூடுதல் 10,000, மொத்தம் 11,500. அந்த 'ஏற்கெனவே ஒரு வீடு' உலகில் எங்கே இருந்தாலும் கணக்குத்தான். இங்கே வாடகைக்கு இருந்துகொண்டு ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கடைசி நேரத்தில் சொலிசிட்டர் சொல்லித்தான் அறிகிறார்கள். முன்பணம் 50,000, டியூட்டி 11,500, சட்டச் செலவும் புரோக்கர் கட்டணமும் சேர்ந்தால் உங்கள் 65,000 கரைந்துவிடும். முதல் மாதமே பாய்லர் படுத்தால் கிரெடிட் கார்டுதான்.

இனி மேலாண்மைச் சேவை. நல்ல ஏஜென்ட் கிடைத்தால் அவருக்குத் தரும் 14.4% வீண் இல்லை. 200 மைல் தள்ளி இருக்கும் ஃபிளாட்டில் இரவு 11 மணிக்குத் தண்ணீர் கொட்டினால் நீங்கள் போக முடியாது. ஆனால் அந்த சதவீதத்தோடு விஷயம் முடிவதில்லை. ஒரு மாத ஸ்டேட்மென்ட் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். வாடகை 1,050. மேலாண்மைக் கட்டணம் 126, அதன் வாட் 25.20. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது 85, வாட் 17. புகை அலாரம் கீச்சிட்டதால் ஆள் போய்ப் பார்த்தது 60, வாட் 12. உங்கள் கணக்குக்கு வந்தது 724.80. வாஷரின் விலை சில பென்னிகள், அலாரத்தில் தீர்ந்தது பேட்டரி. இதில் மோசடி எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் '250 பவுண்டு வரையான பழுதுகளை உரிமையாளரைக் கேட்காமலே செய்யலாம்' என்று ஒரு வரி இருக்கும், நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்த வரம்பை 100-க்கு இறக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் படமும் ரசீதும் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பழுது வேலைக்கு ஏஜென்ட் தன் கமிஷன் சேர்க்கிறாரா என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

விளம்பரம் சொல்லாத பெரிய விஷயம், வேலையைத்தான் ஏஜென்டிடம் ஒப்படைக்க முடியும், சட்டப் பொறுப்பை முடியாது. குடியிருப்பவர் கொடுத்த டெபாசிட்டை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, அதன் விவரத்தை அவரிடம் தர வேண்டும். ஏஜென்ட் மறந்தால், அந்த டெபாசிட்டின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்டு அவர் உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். கேஸ் பாதுகாப்புச் சோதனை ஆண்டுதோறும், மின்சாரச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை, ஈ.பி.சி. என்ற எரிசக்திச் சான்றிதழின் தரம் குறைந்தது 'ஈ'. சில கவுன்சில்கள் குறிப்பிட்ட வட்டாரங்களில் சாதாரண வாடகை வீட்டுக்கே லைசென்ஸ் கேட்கின்றன. தேதிகளை நீங்களும் உங்கள் போனில் போட்டு வையுங்கள்.

2025-இல் நிறைவேறிய ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டம் இந்தக் கணக்கை இன்னும் மாற்றியிருக்கிறது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 'செக்‌ஷன் 21' கிடையாது, ஓராண்டு ஒப்பந்தம் என்பதும் கிடையாது. குடியிருப்பவர் இரண்டு மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட்டலாம். விற்பதற்காக நீங்கள் அவரைக் காலி செய்யச் சொல்வதென்றால் அவர் குடிவந்து முதல் ஓராண்டு முடிந்திருக்க வேண்டும், நான்கு மாத நோட்டீஸ் தர வேண்டும். உங்களுக்கு நீட்டிய மேலாண்மை ஒப்பந்தத்தில் இன்னும் ஆண்டுதோறும் 'ரினியூவல் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால், பழைய தாளையே தேதி மாற்றி அச்சடித்திருக்கிறார்கள் என்று பொருள். புதுப்பிக்கத்தான் ஒன்றும் இல்லையே.

உத்தரவாத வாடகையில் இன்னொரு வகை உண்டு. நிறுவனமே உங்கள் ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து, அதை வேறு ஆட்களுக்கு விடும். மாதாமாதம் பணம் வரும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு அறை ஃபிளாட்டில் ஹாலையும் படுக்கையறையாக்கி, ஒருவருக்கொருவர் உறவில்லாத ஐந்து பேரை வைத்தால், கட்டடத்தையும் கவுன்சிலையும் பொறுத்து அதற்கு எச்.எம்.ஓ. (பலர் பங்கிட்டு வாழும் வீட்டுக்கான) லைசென்ஸ் வேண்டியிருக்கலாம். வேண்டிய லைசென்ஸ் இல்லையென்று தெரிந்தால் குடியிருப்பவர்கள் வாடகையைத் திருப்பிக் கேட்கலாம். யாரிடம்? 2023-இல் ராகுசென் எதிர் ஜெப்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரடியாக வாடகைக்கு விட்டவரிடம்தான், அவருக்கு மேலே இருக்கும் உரிமையாளரிடம் கேட்க முடியாது என்றது. புதுச் சட்டம் அதை மாற்றி, மேலே இருப்பவரையும் பொறுப்பாக்கிவிட்டது. இது தவிர, பல மோர்ட்கேஜ்களும் பல லீஸ்களும் இப்படி உள்வாடகைக்கு விடுவதையே தடுக்கின்றன. நிறுவனங்களின் பேச்சில் இது ஒருபோதும் வராது.

கட்டடம் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிளாட் என்றால் இங்கிலாந்தில் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட். நீங்கள் வாங்குவது நிலத்தை அல்ல, 125 அல்லது 250 ஆண்டு இருக்கும் உரிமையை. உங்கள் ஏஜென்ட் வேறு, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் வேறு. இரண்டாமவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, நீக்குவதும் சுலபமில்லை. லிஃப்ட், ஜிம், வரவேற்பில் ஓர் ஆள் என்று விளம்பரப் படத்தில் அழகாகத் தெரியும் எல்லாமே சர்வீஸ் சார்ஜ்தான். முதல் இரண்டு வருடம் அதைக் குறைத்துக் காட்டுவது கட்டுநர்களின் வழக்கம். சொலிசிட்டரிடம் சொல்லி மூன்று ஆண்டு சர்வீஸ் சார்ஜ் கணக்கையும், பெரிய பழுதுகளுக்கான சேமிப்பான ரிசர்வ் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்பதையும், 'செக்‌ஷன் 20' நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஒரு வேலைக்கு ஃபிளாட் ஒன்றுக்கு 250 பவுண்டுக்கு மேல் கேட்பதென்றால் அந்த நோட்டீஸ் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். கருத்துத்தான் கேட்பார்கள், கூரைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும்.

2022 ஜூன் 30-க்குப் பின் வந்த புது லீஸ்களில் நில உரிமையாளருக்கு ஆண்டுதோறும் கட்டும் கிரவுண்ட் ரென்ட் கிடையாது, அது நல்ல செய்தி. பழைய ஃபிளாட் என்றால் அது எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று பாருங்கள். லீஸில் 80 ஆண்டுக்கு அருகில்தான் மீதி என்றால் விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுவே. 2017 ஜூன் 14-இல் 72 உயிர்களைப் பலி வாங்கிய லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ விபத்துக்குப் பின், வெளிச்சுவர் உறை பற்றிய ஈ.டபிள்யூ.எஸ்.1 படிவம் இல்லாத உயரமான கட்டடங்களுக்குப் பல வங்கிகள் கடன் தரத் தயங்கின. விற்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்க்காமல் சொலிசிட்டருக்குப் பச்சைக்கொடி காட்டாதீர்கள்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு இதே ஃபிளாட்டைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு சேர்க்கைகள். வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் ஸ்டாம்ப் டியூட்டியில் இன்னும் 2%. மேற்சொன்ன 11,500 அப்போது 15,500 ஆகும். வாடகையில் செலவு போக மீதியில் 20%-ஐ ஏஜென்ட் பிடித்து வரித் துறைக்குக் கட்டுவார். பிடிக்காமல் முழுதாகத் தர வேண்டுமென்றால் வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.யிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்வது உங்கள் வேலை. விற்கும்போது லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 60 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும்.

நான் என்றால் எப்படிப் போவேன்? ஃபிளாட்டையும் மேலாண்மையையும் ஒரே கையிலிருந்து வாங்க மாட்டேன். லிஃப்டும் ஜிம்மும் இல்லாத, மூன்று மாடிக்கு மிகாத, பத்துப் பதினைந்து வருடப் பழைய கட்டடத்தில், உரிமையாளர்களே குடியிருக்கும் ஃபிளாட்டுகள் பாதிக்கு மேல் உள்ள இடத்தில், மறுவிற்பனைக்கு வந்த ஒன்றைத் தேடுவேன். இப்படிப்பட்ட இடங்களில் சர்வீஸ் சார்ஜ் பொதுவாகக் குறைவு. உரிமையாளர்களே அங்கு இருப்பதால் கணக்குக் கேட்கவும் ஆள் இருக்கும். பிறகு அந்த ஊரிலேயே கடை வைத்திருக்கும் இரண்டு மூன்று ஏஜென்ட்களைக் கேட்பேன். வாடகைப் பணத்தைப் பாதுகாக்கும் கிளையன்ட் மணி புரொடெக்‌ஷன் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். சான்றிதழைக் காட்டச் சொல்வேன். ஒப்பந்தத்தை இரண்டு மாத நோட்டீஸில் முறிக்க முடியுமா என்றும், முறித்த பிறகும் அதே ஆள் குடியிருக்கும் வரை கமிஷன் உண்டு என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். அந்த வரி இருந்தால் ஏஜென்டை நீக்குவது பெயரளவுக்குத்தான்.

நீங்கள் ஏற்கெனவே ரிசர்வேஷன் கட்டணம் கட்டிவிட்டதாகச் சொல்லவில்லை, அதனால் கட்டவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் கெடு எதுவும் வைத்திருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் மின்னஞ்சலில் மூன்று விஷயம் கேளுங்கள்: உத்தரவாதம் இல்லாமல் இதே ஃபிளாட் என்ன விலை, உத்தரவாதம் தரும் கம்பெனியின் பதிவு எண் என்ன, இந்தக் கட்டடத்திலோ இதே நிறுவனம் முன்பு விற்ற கட்டடத்திலோ உத்தரவாத காலம் முடிந்த ஃபிளாட்டுகள் இப்போது என்ன வாடகைக்குப் போகின்றன. முதல் கேள்விக்கே விலை 15,000 இறங்கினால், மேலே போட்ட கணக்கைப் புது விலையை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் போனில் மட்டும்தான் பதில் வருகிறது, எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால், அந்த 65,000 உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.